பிரெஞ்சுப் பீங்கான் பொம்மைகள்: ரொக்கோகோ மறுவருகைக் காலம்

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அரசவையில் செழித்த ரொக்கோகோ பாணியை மீண்டும் கையிலெடுத்து, 1820களின் இறுதியிலிருந்து முதல் உலகப் போர் வரை பாரிஸ், ஃபோன்தேன்ப்ளோ, லிமோஜ் பட்டறைகளில் செய்யப்பட்ட பீங்கான் உருவங்கள் இவை. ஆடு மேய்க்கும் இளைஞனும் அவன் காதலியும், பூக்கூடை ஏந்திய பெண், மன்மதக் குழந்தைகள், துருக்கிய சுல்தானும் அவர் துணைவியும், பொய்முடி அணிந்த பிரபுக்கள் என்று ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய உலகத்தின் மனிதர்களே பெரும்பாலும் இவற்றில் வருகிறார்கள். கையடக்க வாசனைப் புட்டி முதல் முழங்கால் உயரத்துக்கும் மேற்பட்ட சிலை வரை அளவுகள் உண்டு.

கலை வரலாற்று நூல்கள் நெடுங்காலம் இவற்றை அசலின் நிழல்கள் என்று ஒதுக்கிவைத்தன. அந்தத் தீர்ப்பு அவசரமானது. ஒரு மேய்ப்பன் பொம்மை 1755இல் செய்யப்பட்டபோது அது அரசனின் விருந்து மேசைக்குப் போனது. அதே மேய்ப்பன் 1845இல் செய்யப்பட்டபோது ஒரு வழக்கறிஞரின் வீட்டுக் கணப்பு மாடத்துக்குப் போனான். இடையில் ஒரு அரசனின் தலை வெட்டப்பட்டிருந்தது, ஒரு பேரரசு எழுந்து விழுந்திருந்தது. இரண்டு பொம்மைகளும் உருவில் ஒத்திருந்தாலும் சொல்லும் சேதி வேறு. இரண்டாவது பொம்மை பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பற்றியது. அந்த நூற்றாண்டின் ஏக்கத்தையும் தொழில்திறனையும் சந்தையையும் அதில்தான் படிக்க முடியும்.

முன்வரலாறு

ஐரோப்பிய அரசவை விருந்துகளில் கடைசி உணவான இனிப்பு பரிமாறப்படும்போது, மேசை நடுவே சர்க்கரையில் செய்த சிற்பங்களை நிறுத்துவது பழைய வழக்கம். ஜெர்மனியின் மைசன் நகரில் 1710இல் தொடங்கிய பீங்கான் ஆலை இந்தச் சர்க்கரை உருவங்களின் இடத்தைப் பிடித்தது. 1731இல் அங்கே சேர்ந்த சிற்பி யோஹான் யோவாகிம் கெண்ட்லர் உருவாக்கிய கோமாளிகளும் காதலர்களும் தெருவியாபாரிகளும் ஐரோப்பா முழுவதும் பரவினார்கள். பிற்காலப் பொம்மைகளின் குடும்ப மரத்தைத் தேடிப் போனால் வேர் அங்கேதான் போய் நிற்கும்.

பிரான்சில் அரச ஆதரவு பெற்ற பட்டறை 1740இல் வேன்சென் கோட்டைக்குள் தொடங்கியது. 1756இல் பாரிசுக்கு மேற்கே செவ்ர் கிராமத்துக்கு இடம்பெயர்ந்தது. 1759இல் பதினைந்தாம் லூயி மன்னரே அதன் உரிமையாளரானார். மன்னரின் காதலி மதாம் த பொம்பதூர் இந்த ஆலையின் பெரிய புரவலர். வேன்சென்னின் முதல் புகழ் பொம்மைகளால் வந்ததல்ல, பூக்களால் வந்தது. பெண் தொழிலாளர்கள் இதழ் இதழாகக் கையால் உருட்டிச் செய்த பீங்கான் மலர்கள் அவை. 480 மலர்கள் கொண்ட ஒரு பூங்கொத்தைப் பிரெஞ்சு இளவரசரின் மனைவி மரி ஜோசேஃப், சாக்சனியை ஆண்ட தன் தந்தைக்கு 1749இல் அனுப்பினார். மைசன் ஆலையின் எசமானருக்கே பிரான்சிலிருந்து பீங்கான் போனது. மகளின் பரிசில் ஒரு சவாலும் இருந்தது. அந்தப் பூங்கொத்து இன்றும் டிரெஸ்டனில் இருக்கிறது.

உருவங்களைச் செய்வதில் வேன்சென்னுக்கு ஒரு சிக்கல் இருந்தது. உண்மையான பீங்கானுக்கு வேண்டிய கயோலின் என்ற வெண்களிமண் அப்போது பிரான்சில் கிடைக்கவில்லை. மணல், வெடியுப்பு, உப்பு முதலியவற்றை உருக்கிப் பொடித்துச் செய்த மென்பீங்கான்தான் கையில் இருந்தது. அதன்மேல் இட்ட கண்ணாடிப் பூச்சு தடித்து ஓடி, கண் இமை, விரல் நுனி, ஆடை மடிப்பு போன்ற நுணுக்கங்களை மூழ்கடித்தது. 1750களின் தொடக்கத்தில் ஒரு துணிச்சலான முடிவு எடுக்கப்பட்டது. பூச்சே வேண்டாம், வண்ணமும் வேண்டாம், சூளையிலிருந்து வந்தபடியே வெள்ளையாக விட்டுவிடலாம் என்றார்கள். பிஸ்கட் பீங்கான் பிறந்தது இப்படித்தான். கலை இயக்குநர் ஜான்-ஜாக் பஷெலியேவுக்கு இந்தப் பெருமையைத் தருவது மரபு. பளபளப்பில்லாத, பளிங்கு போன்ற அந்த வெண்மை பிரான்சின் தனி அடையாளமாயிற்று. மைசன் வண்ணத்தால் பேசியது. செவ்ர் வடிவத்தால் பேசியது.

ஓவியர் பிரான்சுவா பூஷே வரைந்து தந்த கிராமத்துக் குழந்தைகளும் திராட்சை தின்னும் காதலர்களும் பிஸ்கட்டில் வார்க்கப்பட்டன. 1757 முதல் 1766 வரை சிற்பப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய எத்தியேன்-மொரீஸ் ஃபல்கோனே, தன் பளிங்குச் சிலைகளான ‘குளிக்கும் பெண்’, ‘எச்சரிக்கும் மன்மதன்’ இரண்டையும் சிறிதாக்கிப் பீங்கானில் தந்தார். பின்னர் ரஷ்யா போய், செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் மகா பீட்டரின் குதிரைச் சிலையை எழுப்பிய சிற்பி இவர்தான்.

லிமோஜுக்குத் தெற்கே சேன்-இரியே என்ற ஊரில் 1760களின் இறுதியில் கயோலின் கண்டறியப்பட்டது. ஊர் அறுவை மருத்துவர் தார்னேயின் மனைவி துணி வெளுக்க உதவும் என்று கருதிய வெள்ளை மண்தான் அது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1771இல் லிமோஜில் ஆலை தொடங்கியது. செவ்ரும் படிப்படியாகக் கயோலினில் செய்யும் உண்மையான பீங்கானுக்கு, அதாவது வன்பீங்கானுக்கு, மாறியது. பொன்னிடுவதும் சிற்பம் செய்வதும் செவ்ருக்கு மட்டுமே என்றிருந்த அரச ஏகபோகம் இதற்குள் தளர்ந்துவிட்டது. அரச குடும்பத்தினரின் பாதுகாப்பைத் தேடிக்கொண்டு பாரிசில் பல தனியார் பட்டறைகள் முளைத்தன. பின்னால் வந்த மறுவருகைக்குத் தொழிலாளர்களையும் சூளைகளையும் தந்தவை இந்தப் பட்டறைகள்தாம்.

நம் கரையைத் தொட்ட ஒரு செய்தியும் இந்தக் காலத்தது. திப்பு சுல்தானின் தூதுக்குழு 1787இல் புதுச்சேரியில் கப்பலேறி, மறு ஆண்டு பிரான்சை அடைந்தது. பதினாறாம் லூயி அவர்களை வெர்சாயில் வரவேற்று, செவ்ர் பீங்கான்களைப் பரிசாகக் கொடுத்தார். பீங்கான் அப்போது ராஜதந்திரத்தின் நாணயம்.

இடைவெளி

பிரெஞ்சுப் புரட்சி வந்ததும் ரொக்கோகோ வெறுக்கப்பட்டது. சொல்லப்போனால் அதற்கு முன்பே அதன் மவுசு குறைந்திருந்தது. கிரேக்க, ரோமானிய நேர்கோடுகள் 1770களிலேயே நாகரிகமாகிவிட்டன. நெப்போலியன் காலத்தில் அந்தப் பாணியின் நெளிவும் சங்கு வடிவமும் மேய்ப்பத்தியும் ஒழிந்த ஆட்சியின் சோம்பேறித்தனத்துக்குச் சாட்சிகளாகப் பார்க்கப்பட்டன.

1800இல் செவ்ரின் பொறுப்பை ஏற்று 1847இல் இறக்கும்வரை நடத்திய அலெக்சாந்தர் ப்ரோன்யார் கனிமவியலாளர். செலவும் சேதமும் மிகுந்த மென்பீங்கானை 1804இல் அவர் கைவிட்டார். தேங்கிக் கிடந்த வண்ணமிடாத பழைய வெள்ளைச் சரக்கை விற்றுக் காசாக்கினார். ஆலைக்கு அது நியாயமான கணக்கு. ஆனால் அந்த வெற்றுப் பாத்திரங்களை வாங்கியவர்கள் அவற்றில் பொம்பதூர் காலத்து ஓவியங்களைத் தீட்டி, அரச ஆலைப் பழம்பொருள் என்று விற்றார்கள். களிமண்ணும் குறியும் உண்மை, அலங்காரம் மட்டும் பொய். பின்வந்த நூறு ஆண்டுக் குழப்பங்களுக்கு இங்கேதான் பிள்ளையார் சுழி. பீங்கான் கலையின் வரலாற்றைத் தொகுக்க 1824இல் அருங்காட்சியகம் அமைத்தவரும் இதே ப்ரோன்யார்தான்.

ஏக்கம் திரும்பிய விதம்

1814–15இல் பூர்போன் அரச குடும்பம் அரியணைக்குத் திரும்பியது. நாடுகடந்து போயிருந்த பிரபுக்களும் வந்தார்கள். பாட்டிமார்களின் மரச்சாமான்கள் பரணிலிருந்து இறங்கின. 1830இல் லூயி-ஃபிலிப் பட்டத்துக்கு வந்தபோது அதிகாரம் வங்கியாளர், வணிகர், ஆலை முதலாளி கைக்கு மாறியிருந்தது. இவர்களுக்குப் பரம்பரை வீடு இல்லை, முன்னோர் ஓவியம் இல்லை. விலை கொடுத்து வாங்கக்கூடிய ஒரு கடந்தகாலம் தேவைப்பட்டது. பதினைந்தாம் லூயி பாணி அந்தத் தேவையை நிறைவேற்றியது. அதில் வீரமில்லை, தத்துவமில்லை. சுகம் மட்டுமே உண்டு. புரட்சிகளால் களைத்த ஒரு தலைமுறைக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இந்த ருசி மாற்றத்தைப் பால்சாக் கூர்மையாகக் கவனித்திருக்கிறார். 1847இல் வெளிவந்த அவருடைய ‘மைத்துனர் போன்ஸ்’ நாவலில், பழம்பொருள் பித்துக்கொண்ட ஏழை இசைக்கலைஞர் தன் உறவினருக்குப் பரிசளிப்பது பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் வத்தோ வரைந்த விசிறி. பெறுபவர்களுக்கு வத்தோ யாரென்றே தெரியாது. இருபதே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. லூவ்ர் அருங்காட்சியகம் 1852இல் பூஷேயின் ‘குளித்தெழும் டயானா’வை வாங்கியது. எழுத்தாளர்களான கோன்கூர் சகோதரர்கள் 1859 முதல் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர்களைப் பற்றிப் பகுதி பகுதியாக எழுதி வெளியிட்டார்கள். மூன்றாம் நெப்போலியனின் மனைவி யூஜெனி, தலை வெட்டப்பட்ட அரசி மரி அந்துவானெத்தைத் தெய்வம்போல் போற்றி, 1867இல் வெர்சாயின் சிறு திரியானோன் மாளிகையில் அவருடைய நினைவுப்பொருள்களின் கண்காட்சியை ஏற்பாடு செய்தார். அறிஞர்களும் பேரரசியும் விழித்துக்கொள்ளும் முன்பே பீங்கான் வியாபாரிகள் இந்தக் காற்றை உணர்ந்திருந்தார்கள். பொம்மைகள் புத்தகங்களை முந்திக்கொண்டன.

ஜாக்கோப் பெத்தி

மறுவருகைப் பொம்மைகளின் நாயகர் ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவர் ஜாக்கோப் பெத்தி. 1796இல் பாரிசில் பிறந்தார். இயற்பெயர் ஜாக்கோப் மர்தோஷே. மனைவியின் குடும்பப் பெயரான பெத்தியை ஏற்றுக்கொண்டார். ஓவியம் பயின்றவர். வீட்டு உள்ளலங்காரத்துக்கான 100 தகட்டுப் படங்கள் கொண்ட தொகுப்பை 1830ஐ ஒட்டி வெளியிட்டார். கோதிக், மறுமலர்ச்சி, சீனம், ரொக்கோகோ எல்லாவற்றையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். அவருடைய மனம் இயங்கிய விதம் அந்தத் தொகுப்பிலேயே தெரிந்துவிடுகிறது. எந்தப் பாணிக்கும் அவர் அடிமையில்லை, எல்லாம் அவருக்குக் கச்சாப்பொருள்.

பாரிசை ஒட்டிய பெல்வில்லில் தொடங்கி, விரைவில் ஃபோன்தேன்ப்ளோவில் இருந்த ஒரு பீங்கான் ஆலையை வாங்கினார். அதை முன்பு நடத்தியவர் பரூக் வெய்ல். நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்டின் தாய்வழிக் கொள்ளுத்தாத்தா. பாரிசில் 1834இல் நடந்த பிரெஞ்சுத் தொழில் கண்காட்சியில் பெத்தியின் சரக்கு வைக்கப்பட்டது. அதன்பின் கால் நூற்றாண்டுக் காலம் அவர் பெயர் ரொக்கோகோவோடு ஒட்டிக்கொண்டது.

அவருடைய பொருள்களில் வெற்றிடம் என்பதே இருக்காது. சங்கு வளைவுகள், பொன் விளிம்பிட்ட சுருள்கள், ஒட்டுமலர்கள், இளஞ்சிவப்பும் பச்சையும் கடுநீலமும் கலந்த நிறங்கள் எல்லாம் ஒன்றோடொன்று போட்டியிடும். பதினெட்டாம் நூற்றாண்டு ரொக்கோகோவின் மென்மை இதில் இல்லை என்று குறை சொல்வார்கள். உண்மைதான், இவை வேறு வெளிச்சத்துக்காகச் செய்யப்பட்டவை. கனத்த திரைச்சீலைகள் தொங்கும், எண்ணெய் விளக்கு எரியும் நடுத்தர வர்க்க வரவேற்பறையில், கண்ணாடிக்கு முன்னால், கடிகாரத்துக்கு இரு புறமும் நிற்க வேண்டிய உருவங்கள். அங்கே மென்னிறம் எடுபடாது.

பெத்தியின் தனித்திறமை உருவத்தைப் பயன்பாட்டோடு இணைத்ததில் இருக்கிறது. சம்மணமிட்ட சுல்தானும் சுல்தானாவும் வாசனைத் தைலப் புட்டிகள். தலையணி மூடியாகக் கழன்று வரும். மலர்க்கூடை மைக்கூடாகும். இவற்றிலெல்லாம் சிறந்தது வெயாஸ் எனப்படும் இராவிளக்குத் தேநீர்க்குடுவை. நோயாளியின் படுக்கையருகே பானத்தைச் சூடாக வைத்திருக்கப் பயன்பட்ட எளிய சாதனம் அது. கீழே எண்ணெய்த் திரி எரியும் பீடம், மேலே சிறு குடுவை. 1830கள் தொடங்கி இதை மனித உருவமாக வார்த்தார்கள். இடுப்புக்குக் கீழே பாவாடை பீடமாகும், இடுப்புக்கு மேலே உடல் குடுவையாகும், நீட்டிய கை தேநீர் ஊற்றும் மூக்காகும். திரியை ஏற்றினால் மெல்லிய பீங்கான் வழியே ஒளி கசிந்து உருவமே உள்ளிருந்து ஒளிரும். பாவைவிளக்கை அறிந்த தமிழ் வாசகர் இதன் கவர்ச்சியை உடனே உணர்வார். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் ட்ரென்டன் என்ற சிற்றூருக்கு ஒரு மருத்துவர் நன்கொடையாகத் தந்த இராவிளக்குக் குடுவைகள் மட்டும் 500க்கு மேல். அந்த ஊரே இன்று இவற்றால் அறியப்படுகிறது.

1848 புரட்சி ஆடம்பரப் பொருள் சந்தையைச் சாய்த்தது. பெத்தியின் தொழிலும் நொடித்தது. மீண்டு எழுந்தார். 1862இல் ஃபோன்தேன்ப்ளோ தொழிலைத் தன்னிடம் வேலை பார்த்த ஒருவரிடம் விற்றுவிட்டுப் பாரிசில் சிறிய அளவில் தொடர்ந்தார். 1868இல் இறந்தார். பூச்சுக்கு அடியில் நீலத்தில் எழுதிய ஜே.பி. என்ற இரண்டெழுத்து அவர் குறி. மைசனையும் செவ்ரையும் பார்த்துச் செய்தவரின் குறியையே பின்னாளில் பிறர் போலியாக இட்டார்கள் என்றால், அவர் பெயருக்கு இருந்த மதிப்பை ஊகிக்கலாம்.

பொம்மை உருவாகும் விதம்

அச்சில் வார்த்த பொருள் என்றதும் இயந்திர வேலை என்று நினைக்கத் தோன்றும். ஒரு பொம்மைக்குப் பின்னால் எத்தனை கைகள் இருந்தன என்பதைத் தெரிந்துகொண்டால் அந்த எண்ணம் போய்விடும். சிற்பி செய்த மூல உருவத்தைத் தலை, உடல், கைகள், கூடை, தொப்பி, நாய்க்குட்டி என்று துண்டு துண்டாக அறுப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனிப் பிளாஸ்டர் அச்சு. கயோலின், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றும் சேர்ந்த களியை அச்சில் அழுத்தியோ, குழம்பாக்கி ஊற்றியோ வார்ப்பார்கள். குழம்பின் நீரைப் பிளாஸ்டர் உறிஞ்ச, சுவர்போல் ஒரு படலம் தங்கும், மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவார்கள்.

இதற்குப் பின் வருகிறார் ஒட்டுவேலைக்காரர். துண்டுகளைக் களிக்குழம்பால் இணைத்து, இணைப்புக்கோட்டைத் தேய்த்து மறைத்து, விரல்களைப் பிரித்து, உதட்டையும் இமையையும் ஈர்க்கு போன்ற கருவியால் மறுபடி செதுக்குவது இவர் வேலை. ஒரே அச்சிலிருந்து வந்த இரண்டு மேய்ப்பத்திகளில் ஒருத்தி உயிரோடும் மற்றவள் மரப்பாச்சியாகவும் தோன்றினால் வேறுபாடு இவர் கையில் இருக்கிறது. பெயர் தெரியாத கலைஞர்கள் இவர்கள். இந்த வரலாற்றில் சிற்பியின் பெயரும் முதலாளியின் பெயரும் கிடைக்கின்றன, இவர்கள் பெயர் கிடைப்பதே அரிது.

வன்பீங்கான் 1,400 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் வேகும்போது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுருங்கும், இளகியும் கொடுக்கும். நீட்டிய கை தொங்கிவிடாமல் அதே களியில் செய்த முட்டுகளைக் கொடுப்பார்கள். அவையும் உருவத்தோடு சேர்ந்தே சுருங்கும். மேய்ப்பன் காலுக்குப் பின்னால் எப்போதும் நிற்கும் மரத்தண்டு, வெறும் காட்சிக்காக வைத்தது இல்லை. மெல்லிய இரு கால்கள் சூளையில் உடலைத் தாங்காது என்பதால் வைத்த தூண் அது. பூச்சிட்ட உருவத்தின்மேல் எனாமல் வண்ணங்களைத் தீட்டி, குறைந்த வெப்பத்தில் மீண்டும் சுடுவார்கள். நிறத்துக்கு ஏற்பப் பல சூடுகள் தேவைப்படலாம். கடைசியாகப் பொன், சுட்டெடுத்தபின் மங்கலாக இருக்கும், அகேட் கல்லால் தேய்த்தால்தான் ஒளிரும்.

வண்ணம் தீட்டியவர்களில் ஒருவர் பெயர் மட்டும் உலகுக்குத் தெரியும். லிமோஜில் 1841இல் பிறந்து, பின்னாளில் இம்ப்ரஷனிச ஓவியராகப் புகழ்பெற்ற பியர்-ஓகுஸ்த் ரெனுவார், 13 வயதில் பாரிசின் லெவி சகோதரர்கள் பட்டறையில் பீங்கான் ஓவியப் பயிற்சிக்குச் சேர்ந்தார். பூங்கொத்துகளில் தொடங்கி, மரி அந்துவானெத்தின் பக்கவாட்டு முகத்தை வரையும் அளவுக்கு உயர்ந்தார். இயந்திர அச்சுப்படம் கைவேலையை விழுங்கியதும் அவர் வேறு தொழில் தேட நேர்ந்தது. பூஷே மீது அவருக்கு இருந்த காதலும், வெள்ளைப் பரப்பில் ஒளிரும் மெல்லிய வண்ணப் பூச்சும் கடைசிவரை போகவில்லை. இம்ப்ரஷனிச ஓவியத்தின் ஒரு ஊற்று, பலரும் மலிவான நகல் என்று கருதிய இந்தப் பீங்கான் பட்டறையில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பிஸ்கட்டின் இரண்டாம் வாழ்வு

வண்ணப் பொம்மைகளுக்குப் பக்கத்தில் பிஸ்கட் உருவங்களும் பெருகின. பாரிசின் பரதி-புவாசோனியேர் தெரு பீங்கான் வியாபாரத்தின் மையம். அங்கே பட்டறை நடத்திய ஜான் ஜீல் மிகப் பெரிய பிஸ்கட் சிலைகளுக்குப் பேர்போனவர். பிஸ்கட்டில் பூச்சு இல்லாததால் எந்தக் குறையையும் மறைக்க முடியாது. ஒரு இரும்புத் துகள் கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஆளுயரத்தில் பாதியளவு உருவத்தை அப்படிக் குறையின்றிச் சுட்டெடுப்பது பெரிய சாதனை. ஜீல் இறந்தபின் வியோனும் போரியும் அந்த நிறுவனத்தைத் தொடர்ந்தார்கள். இவர்களும் பிறரும் பிஸ்கட்டுக்கு மெல்லிய உடல்நிறமும் ஆடைக்கு வெளிர்நீலமும் இளஞ்சிவப்பும் கொடுத்தார்கள். வெண்மையே அழகு என்று நம்பிய பதினெட்டாம் நூற்றாண்டுச் சிற்பிகள் இதை ஏற்றிருக்க மாட்டார்கள், வாங்கியவர்கள் விரும்பினார்கள்.

அரசு ஆலையான செவ்ரும் தன் பழைய அச்சுகளுக்குத் திரும்பியது. 1876இல் கலை இயக்குநராகப் பொறுப்பேற்ற சிற்பி கரியே-பெல்லூஸ், பதினெட்டாம் நூற்றாண்டின் குழைவைத் தன் கையில் வைத்திருந்தவர். அவருக்குக் கீழே 1879 முதல் சில ஆண்டுகள் ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்தவர் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற சிற்பி ஓகுஸ்த் ரோடின். இங்கிலாந்தில் 1840களில் தோன்றிய பாரியன் என்ற பளிங்குப் பீங்கானுக்கும் செவ்ர் பிஸ்கட்டே தூண்டுதல்.

சாம்சோன் நிறுவனம்

எத்மே சாம்சோன் 1845இல் பாரிசில் பீங்கான் அலங்காரத் தொழிலைத் தொடங்கினார். பழைய உணவுத் தட்டு வரிசையில் ஒன்று உடைந்துவிட்டால் அதற்கு இணையான தட்டைச் செய்து கொடுப்பது ஆரம்ப வேலை. மகன் எமீல் காலத்தில் அது பெரிய தொழிலாயிற்று. பாரிசுக்குக் கிழக்கே மோந்த்ரோயில் 1864இல் ஆலை அமைந்தது. மைசன், செவ்ர், இங்கிலாந்தின் செல்சீ, டெர்பி, சீனா, ஜப்பான் என்று சேகரிப்பாளர்கள் எதைத் தேடினார்களோ அத்தனையும் அங்கே நகலெடுக்கப்பட்டன. அருங்காட்சியகங்களிலும் தனியார் தொகுப்புகளிலும் உள்ள பழைய பொருள்களின் மறுபதிப்புகள் என்று நிறுவனம் வெளிப்படையாகவே விளம்பரம் செய்தது. அசல் குறியைப் போன்ற குறியோடு எஸ் என்ற எழுத்தையோ தன் சொந்தக் குறியையோ சேர்ப்பது அதன் வழக்கம்.

சாம்சோன் பெயர் மோசடிக்கு மறுபெயராகிப்போனது வருந்தத்தக்கது. அந்த எழுத்தைச் சுரண்டி எடுத்தவர்களும், அமிலத்தாலும் தேய்ப்புக்கல்லாலும் அழித்தவர்களும் இடைத்தரகர்கள். நகல் போலியாவது பெரும்பாலும் விற்கும் இடத்தில்தான். ஆனாலும் நிறுவனத்தை முழுக்க விடுவிக்கவும் முடியாது. அசலைப் போன்ற குறியை இடுவதால் என்ன நடக்கும் என்பது அத்தனை அனுபவமுள்ள வியாபாரிக்குத் தெரியாமல் இருந்திருக்காது. நிறுவனம் 1969இல் மூடப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, அது மாதிரியாக வைத்திருந்த பொருள்கள் லண்டனில் ஏலத்துக்கு வந்தன.

காலம் கணித்தல்

அடியில் உள்ள குறியை நம்பி ஒரு பொம்மையின் வயதைச் சொல்வது ஆபத்து. செவ்ரின் பின்னிய இரட்டை எல் எழுத்துகளும் மைசனின் குறுக்கு வாள்களும் உலகில் அதிகமாகப் போலி செய்யப்பட்ட குறிகளில் சேரும். களிமண்ணும் நிறமும் அளவும் அவ்வளவு எளிதில் பொய் சொல்வதில்லை.

முதலில் நிறம். குரோமியம் என்ற தனிமத்தைப் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லேன் 1797இல்தான் கண்டறிந்தார். அதிலிருந்து எடுத்த, சற்றே மஞ்சள் கலந்த அடர்பச்சை பீங்கானுக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். எனவே பொம்பதூர் காலத்தது என்று சொல்லப்படும் மேய்ப்பத்தியின் காலடியில் குரோமியப் பச்சைப் புல் முளைத்திருந்தால், அந்தப் புல்லே உண்மையைச் சொல்லிவிடும். அதற்கு முந்தைய பச்சை செம்பிலிருந்து வந்தது, நீலச்சாயல் கொண்டது.

அடுத்து உடல். மென்பீங்கானில் எனாமல் வண்ணம் பூச்சோடு உருகிக் கலந்து உள்ளே அமிழ்ந்திருக்கும். வன்பீங்கானில் மேலே படிந்து நிற்கும். விரல் தடவினால் தெரியும். செல்சீ பொம்மைகளின் அசல்கள் மென்பீங்கான், அவற்றைப் பார்த்துச் சாம்சோன் செய்தவை வன்பீங்கான். சாம்பல் சாயல் கொண்ட அந்தக் குளிர்ந்த வெண்மையைக் கண் பழகியவர்கள் தூரத்திலேயே கண்டுகொள்வார்கள். உண்மையான சிரமம் மைசன் நகல்களில் வருகிறது, இரண்டுமே வன்பீங்கான் என்பதால்.

அளவு இன்னொரு சாட்சி. முடிந்த பொம்மையிலிருந்தே அச்சு எடுத்து வார்த்தால், சூளைச் சுருக்கத்தால் நகல் அசலைவிடச் சிறியதாக வரும், நுணுக்கங்களும் மழுங்கியிருக்கும். தேய்க்காமலே கண்ணைப் பறிக்கும் மெல்லிய திரவப் பொன், பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முன்னர் இருக்க வாய்ப்பில்லை. பிரான்ஸ் என்ற நாட்டின் பெயர் அடியில் இருந்தால், இறக்குமதிப் பொருளில் உற்பத்தி நாட்டைக் குறிக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890களின் தொடக்கத்தில் கொண்டுவந்த விதிக்குப் பிந்தையது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

பரவலும் தேய்வும்

பாரிசுக்கு வெளியே இவற்றுக்குக் கிடைத்த பெரிய சந்தைகளில் ஒன்று அமெரிக்காவின் தென்பகுதி. பிரெஞ்சுப் பண்பாடு வேரூன்றிய நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்கும் மிசிசிப்பி ஆற்றங்கரைப் பண்ணை வீடுகளுக்கும் பாரிஸ் பீங்கான்கள் கப்பல் கப்பலாகப் போயின. அடிமைகளின் உழைப்பில் விளைந்த பருத்தியும் கரும்பும் தந்த பணம் அது என்பதையும் இந்த வரலாறு சுமக்கிறது.

தயாரிக்கும் ஊர்களிலும் வாழ்க்கை மேய்ப்பர் கனவு போல இருக்கவில்லை. பீங்கான் தூசி தொழிலாளர்களின் நுரையீரலைத் தின்றது. லிமோஜில் 1905இல் வெடித்த வேலைநிறுத்தத்தை அடக்கப் படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளம் தொழிலாளி உயிரிழந்தார். இதே காலத்தில் ஜெர்மனியின் துரிங்கியா ஆலைகள் மலிவான ரொக்கோகோ பொம்மைகளைக் கொண்டு சந்தையை நிரப்பின. உண்மையான சரிகைத் துணியைக் களிக்குழம்பில் தோய்த்துச் சுட்டு, நூல் எரிந்துபோகப் பீங்கான் சரிகை மட்டும் மிஞ்சும் பாவாடைகள் அவர்களுடைய சிறப்பு. ருசியும் மாறிக்கொண்டிருந்தது. 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் செவ்ருக்குப் பாராட்டு வாங்கித் தந்தவை மேய்ப்பத்திகள் இல்லை; அகதோன் லெயோனார் வடித்த, சால்வை வீசி ஆடும் பிஸ்கட் நடனப் பெண்கள்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி இந்தப் பொம்மைகள் பாட்டி வீட்டு அலமாரிச் சாமான்களாகக் கிடந்தன. கடந்த சில பத்தாண்டுகளில் பார்வை மாறியிருக்கிறது. ஜாக்கோப் பெத்தி இன்று தன் பெயரிலேயே தேடப்படுகிறார். செவ்ரிலும் லிமோஜின் அத்ரியேன் துபூஷே அருங்காட்சியகத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பீங்கானுக்கு உரிய இடம் கிடைத்திருக்கிறது. போலி என்று வெட்கத்தோடு மறைத்து வைத்த சாம்சோன் பொருள்களும் ஏலப் பட்டியல்களில் ‘சாம்சோன், பாரிஸ்’ என்றே அச்சாகின்றன. குறி சுரண்டப்படாத உருப்படிகளைத் தேடி வாங்கும் சேகரிப்பாளர்களும் இருக்கிறார்கள். செவ்ர் ஆலை பதினெட்டாம் நூற்றாண்டு உருவங்களை இன்றும் வார்த்து, செய்த ஆண்டின் குறியோடு விற்கிறது.